எடுத்தது என்று எழுதிய பிள்ளை

1939 பங்குனியில் ஒரு நடுப்பகல். வல்லத்திராக்கோட்டைக்குக் கிழக்கே, வயல் நடுவில் இருந்த ஒற்றை வீட்டுக்கு டாக்டரோடு போனேன். தூங்கப் போட்ட கைப்பிள்ளைகள் காரணமில்லாமல் செத்து விறைத்துக் கிடப்பதை விசாரிக்க சர்க்கார் அனுப்பிய டாக்டர் அவர். நான் அம்மை குத்துகிறவன், பெயர் ஆத்மநாதன்.

அந்த வீட்டுச் செங்கமலத்தின் பெண் குழந்தைக்கு நான்தான் குத்தினேன். மூன்றாம் நாள் விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டது என்றாள். புருஷன் வெள்ளைச்சாமி அப்போது கூலிக்குப் பொன்னமராவதி போயிருந்தான். அக்கம்பக்கம் ஆளில்லை. தானே குழி தோண்டிப் புதைத்திருக்கிறாள்.

டாக்டர் என் பதிவேட்டைப் புரட்டினார். "எட்டாம் நாள் பிள்ளை உயிரோட இருந்திருக்கே."

குத்திய இடத்தில் கொப்புளம் கிளம்பியதா என்று எட்டாம் நாள் நேரில் பார்த்து, கிளம்பியிருந்தால் 'எடுத்தது' என்று எழுத வேண்டும். அன்று நல்ல வெயில். ஒரு வீட்டுக்காக வரப்பில் நடக்க எனக்கு உடம்பு வணங்கவில்லை. கண்மாய்க் கரையில் குடத்தோடு வந்த செங்கமலத்திடம் சைக்கிளில் இருந்தபடியே, "எடுத்துருச்சாம்மா?" என்றேன்.

"எடுத்துக்கிட்டாங்கய்யா" என்றாள்.

பிள்ளையை அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். செத்துப்போச்சு என்று எந்தத் தாய் வாயால் சொல்வாள்? எனக்கு அது உறைக்கவில்லை. எழுதிவிட்டேன்.

"நடுவுல அஞ்சு நாள் பிள்ளைய என்னடி பண்ணுனே?" வெள்ளைச்சாமியின் குரல் இறங்கியிருந்தது.

செங்கமலம் என்னைப் பார்த்தாள். "அய்யாகிட்டச் சொன்னேனே. சொல்லுங்கய்யா."

வேலை போய்விடும் என்று பயந்தேன். "நெனப்பில்லை" என்றேன்.

என் பக்கத்தில் தொங்கிய வெறும் தூளி அசைந்தது.

காற்றே இல்லை. வேப்பிலையும் புளித்த பாலும் கலந்த வாடை வந்தது.

துணி மடிப்பிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. அதில் எட்டாம் நாள் கொப்புளம் நன்றாகக் கிளம்பியிருந்தது.

நான் எழுதியபடியே.

வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கை என் ஆள்காட்டி விரலைப் பற்றியது. சூடாக இருந்தது.

"விட்டுரு தாயி" என்று முணுமுணுத்தேன்.

விடவில்லை.

அன்று சாயங்காலமே வெள்ளைச்சாமி அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டான். திரும்ப அழைக்கவே இல்லை. அவள் பொய் சொல்லவில்லை, சொன்னவன் நான். ஏழு வருஷம் கழித்து, கேட்க அவளும் இல்லாத பிறகு, வெட்கங்கெட்டு இதை எழுதுகிறேன்.

எழுதினால் அந்தக் கை விட்டுவிடும் என்று நினைத்தேன்.

விரல் வியர்க்கிறது. பிடி இறுகுகிறது.