பதினான்காம் இலக்கத்தின் பதில்

2005 ஒக்ரோபர் 29, சனிக்கிழமை, பிற்பகல் 1.10. ஊர்காவற்றுறைக் கரையிலுள்ள கடற்றொழிலாளர் சங்கத்தின் வானொலி அறையில், பதினான்காம் இலக்க வள்ளம் தான் நிற்கும் இடத்தை அறிவித்தது. அந்த வள்ளத்தின் உடைந்த முன்பாதி ஏழு கிழமைகளுக்கு முன்னர் அனலைதீவின் மேற்குக் கரையில் ஒதுங்கியிருந்தது.

கொம்பியூட்டரைக் கவனித்துக்கொண்டிருந்த நிரோஜினி முதலில் அதைப் பிழையென்றுகூட நினைக்கவில்லை. காற்றில்லாத மத்தியானம். காயப்போட்ட வலைகளின் பாசி மணமும் கொல்லையில் யாரோ சிந்திய மண்ணெண்ணெயின் மணமும் யன்னலால் வந்து அறைக்குள் அசையாமல் நின்றன. திரையில் இருபத்திரண்டு வரிகள். சுனாமிக் கடலலைக்குப் பிறகு வந்த வெளிநாட்டு உதவியில் இருபத்திரண்டு வள்ளங்களுக்கு இடங்காட்டும் பெட்டி ஒவ்வொன்று கொடுத்திருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொம்பியூட்டர் வானொலி வழியாக ஒவ்வொரு இலக்கமாகக் கூப்பிடும். வள்ளத்திலுள்ள பெட்டி தன் இடத்தைச் சொல்லிப் பதிலனுப்பும். ஏழு கிழமைகளாகப் பதினான்காம் வரியின் நேரக்கட்டம் வெறுமையாக இருந்தது. இப்போது அதில் 1.10 என்றிருந்தது.

"ஜோர்ஜ் அண்ணை, பதினாலு பதில் சொல்லுது."

சங்கத்தின் எழுதுவினைஞர் ஜோர்ஜ் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பகல்லை பேய்க்கதை கதையாதையும் பிள்ளை. பதினாலின்ரை பெட்டி அலுமாரிக்குள்ளை கிடக்கு. நான்தான் வைச்சனான்."

"திறந்து காட்டுங்கோ."

அவர் திறந்தார். சிதைவோடு கிடைத்த பெட்டி மேல்தட்டில் இருந்தது. உப்புப் படிந்து வெளுத்திருந்தது. பற்றரி வைக்கும் குழியில் எறும்புகள்.

"பாரும். இது கதைக்குமோ?" என்று சிரித்தார் ஜோர்ஜ். பிறகு அது யாருடைய வள்ளம் என்பது நினைவுக்கு வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பதினான்கு நிரோஜினியின் தகப்பன் குருசுமுத்துவின் வள்ளம். அவருடைய உடல் கிடைக்கவில்லை. கார்த்திகை மாதத்தில் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். வீட்டுக்கு வீடு பெயர்களை எழுதி உறையில் போட்டுப் பங்குச் சுவாமியிடம் கொடுக்க வேண்டும். இந்த வருடம் அதற்குக் கடைசிநாள் அன்று மாலை. தாய் அல்போன்சம்மா பெயர் எழுதவில்லை. வீட்டார் பெயர் கொடுக்கும்வரை சங்கம் வள்ளத்தின் இலக்கத்தை வெட்டுவதில்லை. அது அந்தக் கரையின் வழக்கம். அதனால் பதினான்கு பட்டியலிலேயே கிடந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஏறக்குறைய ஏழாயிரம் தடவை, கொம்பியூட்டர் அந்த இலக்கத்தைக் கூப்பிட்டிருந்தது.

பழைய பதிலொன்று நினைவகத்தில் எங்கேயோ தங்கியிருந்து வெளியே வருகிறது என்று நிரோஜினி தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதைச் சோதிக்க வழி இருந்தது. யாழ்ப்பாணத்தில் படித்தபோது பழகியது. கொம்பியூட்டரின் இயக்க முறைமைக்கு அடியில் கேர்னல் என்ற உள்மையம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் எதுவும் அதன் ஆயிரக்கணக்கான செயற்கூறுகளில் சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கித்தான் உள்ளே வரும். ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலை நிறுத்தாமலே ஒரு செயற்கூற்றின் வாசலில் கண்ணி வைக்கலாம். அது இயங்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணி ஒரு வரி எழுதும்: எத்தனை மணிக்கு, எதைக் கொண்டு, எது இயக்கியது. அவள் இரண்டு கண்ணி வைத்தாள். ஒன்று வானொலிக்கு அனுப்பும் செயற்கூற்றில். மற்றது வானொலியிலிருந்து வாங்கும் செயற்கூற்றில். பதில் நினைவகத்திலிருந்து வருவதானால் வாங்கும் கண்ணி எழுதாது.

1.20. எழுதியது. பதினான்கின் பதில் வெளியிலிருந்துதான் வந்திருந்தது.

அவள் எழுந்து கொம்பியூட்டரின் பின்பக்கம் போய், வானொலிக் கம்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். கம்பியின் நுனி வெயிலில் கிடந்ததுபோலச் சூடாக இருந்தது. 1.30க்கு அனுப்பும் கண்ணி இருபத்திரண்டு வரிகள் எழுதிற்று. எல்லாக் கூப்பாடும் கழற்றிய இடத்தோடு நின்றிருக்கவேண்டும். ஒரு வள்ளமும் பதிலளிக்கவில்லை, ஒன்றைத் தவிர.

செயற்கூற்றை இயக்கியது எது, அதை இயக்கியது எது என்று அடிவரை காட்டும்படி அவள் கட்டளை கொடுத்தாள். 1.20க்கு மற்ற வள்ளங்களிலிருந்து வந்த பதில் ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து வரிகள் இருந்தன. கடைசி வரி எப்போதும் கம்பி செருகும் வாய். அங்கே மின் தட்டினால்தான் மேலேயுள்ள எல்லாம் அசையும். பதினான்கின் பதிலுக்குக் கீழே வரி எதுவும் இல்லை. வாங்கும் செயற்கூறு இயங்கியிருந்தது. அதை எதுவும் இயக்கவில்லை.

யன்னலுக்கு வெளியே காகம் ஒன்று கரைந்து பாதியில் நிறுத்தியது. அவள் கம்பியைத் திரும்பச் செருகினாள்.

1.43. கூப்பிடும் நேரமில்லை. அனுப்பும் கண்ணி மௌனமாக இருந்தது. வாங்கும் கண்ணி எழுதத் தொடங்கியது.

பெட்டிகளின் பதில் எப்போதும் சமன் குறியுடன் தொடங்கும். கூப்பாடு கேள்விக்குறியுடன் தொடங்கும். அதை அனுப்புவது இந்தக் கொம்பியூட்டர் மட்டும்தான். இப்போது உள்ளே வந்தவை கேள்விக்குறிகள். ?1. சற்று நேரம். =1. முதலாம் வள்ளம் பதில் சொன்னது. ?2. =2. ?3. அவள் அனுப்பாத கூப்பாட்டுக்கு வள்ளங்கள் வரிசையாகத் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன.

எட்டுவரை ஒவ்வொரு தடவை. ஒன்பதில் நின்றது. ?9. =9. ?9. =9. ?9.

ஒன்பதில் அவளுடைய தம்பி ஜெகதீஸ் இருந்தான். அவனோடு கூடத் தொழிலுக்குப் போகும் அருளப்பு.

"ஜோர்ஜ் அண்ணை, ஒன்பதைக் கரைக்குக் கூப்பிடவேணும். இப்பவே."

"என்னத்தாலை கூப்பிடுறது? பெட்டிக்கு வாயோ கிடக்கு?" அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "கரையிலை நிக்கிறது பாலசிங்கத்தின்ரை வள்ளம் ஒண்டுதான். எஞ்சின் கழட்டிக் கிடக்கு. ஏன், என்ன நடந்தது?"

அவள் விரலால் காட்டினாள். ஒன்பது எழுவைதீவுப் பக்கமாக நின்றிருந்தது. இப்போது அது தெற்கே திரும்பியிருந்தது. அனலைதீவைச் சுற்றிக்கொண்டு, யாரும் வலை போடாத ஆழத்தை நோக்கிப் போனது. அந்த ஆழத்தில் பதினான்கு நின்றது.

சாப்பாட்டுக் கரியருடன் அல்போன்சம்மா உள்ளே வந்தபோது மணி இரண்டு. துக்கத்துக்குரிய கறுப்புச் சேலை கட்டத் தொடங்கவில்லை. வழக்கமாகக் கட்டும் பச்சைப் பூச்சேலை. "இன்னும் சாப்பிடேல்லையோ? காலைச் சாப்பாட்டுப் பார்சல் அப்பிடியே கிடக்கு."

"அம்மா, அப்பான்ரை பேரைக் குடுங்கோ. இப்ப எழுதுங்கோ. நான் கொண்டோடிக் குடுக்கிறன்."

"ஆளைக் காணாமல் பேர் குடுக்கிறதோ?" தாயின் குரல் உயரவில்லை. "உன்ரை படிப்பு உனக்கு. எனக்கு ஏலாது." பிறகு திரையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இலக்கம் நன்றாகத் தெரியும். பதினான்குக்கு நேரே நேரம் எழுதியிருந்ததைக் கண்டாள். கரியரை மெல்லக் கதிரையில் வைத்தாள்.

"பதில் சொல்லுறார் எல்லே?"

"அது அப்பா இல்லை, அம்மா."

"பின்னை ஆர்? அந்த இலக்கம் வேறை ஆருக்குக் கிடக்கு?" தாயின் முகம் ஏழு கிழமைக்குப் பிறகு மலர்ந்திருந்தது. நிரோஜினியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"ஜெகதீஸ் அங்கை போறான், அம்மா. தானாப் போறான்."

"தேப்பன் கூப்பிட்டால் பிள்ளை போகத்தானே வேணும்."

ஜோர்ஜ் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

2.20க்கு நிரோஜினி வழக்கத்தை மீறினாள். யாரையும் கேட்காமல் பட்டியலிலிருந்து பதினான்கை அழித்தாள். திரையில் வரிகள் இருபத்தொன்றாயின. அடுத்த சுற்றில் அனுப்பும் கண்ணி பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குப் போயிற்று. அதற்குமேல் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

?9. =9.

வாங்கும் கண்ணி நிற்கவில்லை. கூப்பாடுகளுக்கிடையிலான நேரம் குறைந்தது. நிமிடத்துக்கு ஒன்று. பிறகு இரண்டு. அவள் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க எழுந்தாள். பாதியில் நின்றாள். பிடுங்கினால் தம்பி எங்கேயென்று தெரியாமல் போகும். திரும்பி இருந்தாள்.

2.40. =9.

அதன்பிறகு கேள்விக்குறிகள் வரவில்லை. அறை முழுவதும் கொம்பியூட்டரின் விசிறிச் சத்தம் மட்டும். தாய் யன்னலடிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், சேலைத் தலைப்பால் முகத்தின் வியர்வையை ஒற்றி, தலைமயிரைச் சரிசெய்து.

2.50 சுற்று. ஒன்பது பதில் சொன்னது. அந்த ஆழத்திலேயே நின்றது.

3.00. நின்றது.

3.10. நின்றது.

3.20. அசைந்தது. கரைப் பக்கமாக.

"வாறாங்கள்," என்றார் ஜோர்ஜ். "மாதாவே. வாறாங்கள், பிள்ளை."

நிரோஜினி அழுதாள். பின்னர்தான் கவனித்தாள். ஒன்பது அனலைதீவின் மேற்கே கல்லுத்திட்டுகளுக்கு நடுவால் வந்தது. அந்த வழியை ஜெகதீஸ் அறியான். அந்தப் பாதையால் வள்ளம் ஓட்ட ஒருவருக்குத்தான் தெரியும்.

நாலு மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. தாய் ஏற்கெனவே துறைக்குப் போய்விட்டாள். நிரோஜினி ஓடினாள். மண் சுட்டது. வெயில் கண்ணைக் கூச வைத்தது. கடல் தகடுபோல.

ஒன்பது வந்துகொண்டிருந்தது. பின்னால் எஞ்சினடியில் ஜெகதீஸ். நடுவில் அருளப்பு. இருவரும் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையைப் பார்க்கவில்லை. ஒருதடவையும் முன்னால் திரும்பவில்லை. அவள் கத்திக் கூப்பிட்டாள். தம்பியின் கழுத்து அசையவில்லை.

வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், ஒரு ஆள் இருந்தார்.

இருவருடைய சட்டைகளும் காய்ந்திருந்தன. அவரிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. தலையிலிருந்து. தோளிலிருந்து. வெயிலில். நிற்காமல். வள்ளத்துக்குள் அது நிறைந்து அருளப்புவின் முழங்கால்வரை வந்திருந்தது. அருளப்பு அதைக் கோலி வெளியே ஊற்றவில்லை.

அல்போன்சம்மா துறையின் கடைசிப் பலகையில் நின்று கையை நீட்டினாள்.

"வாருங்கோ," என்றாள். "ஏன் இவ்வளவு நேரம்?"

அணியத்திலிருந்த கை உயர்ந்து அவள் கையைப் பிடித்தது.

பிற்பகல் 4.20க்கு ஒன்பதாம் இலக்க வள்ளம் துறையில் கட்டப்பட்டது. காலையில் புறப்பட்டவர்கள் இருவர். பதிவேட்டில் திரும்பியவர்களின் எண்ணிக்கைக்குரிய கட்டத்தில் ஜோர்ஜ் மூன்று என்று எழுதிக் கையொப்பமிட்டார்.