தையல் மட்டும் வெள்ளை

அந்த வீட்டில் பதினோரு வயது அக்காவுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் வாதாடுவாள். எட்டு வயதுத் தம்பிக்குக் குண்டூசி என்று பெயர். அவன் எவ்வளவு ஒல்லி என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வக்கீலின் பற்கள் பளிச்சென்று இருக்கும். குண்டூசியின் பற்களிலோ சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடுகள், நடுநடுவே பழுப்புத் திட்டுகள். வகுப்பில் கேலி செய்தார்கள். சிரிப்பு வந்தாலும் அவன் கையால் வாயைப் பொத்திக்கொள்வான்.

பையன் சோம்பேறி, ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்பது அப்பாவின் தீர்ப்பு. வீட்டுக்குப் பின்னால் அவர் சாயப்பட்டறை வைத்திருந்தார். பழைய வெள்ளைச் சட்டைகளுக்குப் புதுச் சாயம் ஏற்றிக் கொடுப்பார். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவருடைய நகங்கள் பழுப்பாகவே இருக்கும்.

பள்ளிக்கு வந்த பல் டாக்டர், வீட்டுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருக்கலாம், சோதித்துப் பாருங்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார். ஃப்ளோரைடு கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லதுதான். அளவு மீறினால், ஈறுக்குள் வளர்கிற பல்லைக் கெடுத்துவிடும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் சும்மா விடாது.

ஒரு விடுமுறை நாளில் தண்ணீர் சோதிக்கும் அம்மா ஒருவர், பை நிறைய பாட்டில்களோடு தெருவுக்கு வந்தார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் தண்ணீர் எடுக்க முடியும் என்றார். அப்பா மறுத்துவிட்டார். வீட்டுக்குத் தண்ணீர் தரும் ஆழ்துளைக் கிணறு அவர் அலையாய் அலைந்து போட்டது. அதைக் குறை சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“ரெண்டு பேரும் ஒரே தண்ணியத்தான் குடிக்கிறாங்க. தண்ணி கெட்டதுன்னா, மூத்தவ பல்லு மட்டும் எப்படி முத்து மாதிரி இருக்கு?” என்று கேட்டார்.

வாதாட வக்கீல் வாயைத் திறந்தாள். அவளுடைய பற்களே தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டன.

பன்னிரண்டு மணி வரை தெருவில் இருப்பேன், இனி ஆறு மாதம் கழித்துத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நகர்ந்தார். அப்போதே மணி பதினொன்றரை.

வக்கீல் வீட்டுக்குள் வந்தாள். அவளுடைய அம்மா வேலைக்குப் போயிருந்தார். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து மூக்கை அரிக்கும் ஒரு நெடி வந்தது. பட்டறையில் தினமும் வருகிற நெடி அது. வீட்டுக்குள் எப்படி வந்தது?

கதவைத் தள்ளினாள்.

குண்டூசி கண்ணாடி முன்னால் நின்றிருந்தான். கையில் பிரஷ். பிரஷ் மேல் வெள்ளையாக ப்ளீச்சிங் பவுடர். வாய்க்கும் பிரஷுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான் இருந்தது.

பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். பிரஷ் கீழே விழுந்தது.

“பைத்தியமாடா உனக்கு? வாயில பட்டா வெந்துபோயிடும்டா. வயித்துக்குள்ள போனா என்ன ஆகும் தெரியுமா?”

“துணியில இருக்கிற கறையை அப்பா இதாலதானே எடுக்கிறாரு?” என்றான் குண்டூசி. “நான் தினமும் மூணு தடவை தேய்க்கிறேன்கா. ஈறுல ரத்தமே வருது. யாருமே நம்பல. நீயும் நம்பல.”

அவளுக்குச் சுருக்கென்றது. போன வாரம்கூட ‘பழுப்புப் பல்லா’ என்று அவனைச் சீண்டியிருந்தாள். அவன் கைகளைக் குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டாள். பிறகு அவனை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். மணி பதினொன்று ஐம்பது.

நடந்ததைக் கேட்டதும் அப்பாவின் முகம் வெளிறிப்போனது. மகனின் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கு, ஈறு எல்லாம் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

தண்ணீரைச் சோதிக்க விடுங்கள் என்று வக்கீல் கெஞ்சினாள். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டார். “சரிம்மா, ஆனா உனக்கு ஏன் வரல? அது எனக்குப் புரியலையே” என்றார்.

வக்கீல் சுற்றிலும் பார்த்தாள். தொட்டியில் பழுப்புச் சாயம். பக்கத்துக் கொடியில், அப்போதுதான் எடுத்துப் போட்ட சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. சட்டை முழுக்கப் பழுப்பு. காலரிலும் பையிலும் ஓடிய தையல் மட்டும் வெள்ளை.

“அப்பா, இந்தத் தையல்ல ஏன் சாயம் ஏறல?”

“துணி பருத்தி, சாயம் பிடிக்கும். நூல் பாலியஸ்டர், பிடிக்காது. இதுகூடத் தெரியாதா உனக்கு?”

“ரெண்டையும் ஒரே தொட்டியிலதானே போட்டீங்க?”

அப்பா சட்டையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தார்.

அடுத்த நிமிடம், ஈரக் கையோடு தெருவில் ஓடினார். தண்ணீர் அம்மா ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். அப்பா கையை விரித்து வழிமறித்தார். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் ஐந்து விரல்களின் சாயமும் பதிந்தது.

பாட்டிலில் தண்ணீர் பிடித்தபடியே அந்த அம்மா விளக்கினார். “ஒரே வீட்டுல ஒருத்தரைத் தாக்கும், இன்னொருத்தரை அவ்வளவா தாக்காது. பிறவியிலேயே உடம்பு அப்படி. இவனுக்கு உங்க மூக்கு, இவளுக்கு வேற மூக்கு வந்திருக்குல்ல, அது மாதிரிதான். பையன் மேல தப்பு இல்லைங்க.”

பத்து நாளில் முடிவு வந்தது. ஃப்ளோரைடு அளவுக்கு மேல் இருந்தது. ‘குடிக்க வேண்டாம்’ என்று அட்டையில் எழுதி, தன் கிணற்றுக் குழாயில் அப்பாவே மாட்டினார். சோதித்துச் சரியென்று சொன்ன பக்கத்துத் தெருக் குழாயிலிருந்து தினமும் குடம் சுமந்தார். வந்த கறை தானாகப் போகாது, பெரியவனானதும் சரிசெய்யலாம், இனி வளரும் பற்களைக் காப்பாற்றலாம் என்றார் பல் டாக்டர்.

முடிவு வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா மகனிடம், “உன்னை நம்பாம இருந்துட்டேன்டா” என்றார்.

குண்டூசி அவர் கையை எடுத்து, பழுப்பு நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“ஒழுங்கா தேய்ச்சீங்களாப்பா?” என்று கேட்டான்.

அப்பா சிரித்துவிட்டார். குண்டூசியும் சிரித்தான், இரண்டு கைகளாலும் அப்பாவின் கையைப் பிடித்தபடியே.