கம்போவா வீட்டுத் தரை

திங்களன்று பூசிய சிமெண்ட் புதன்கிழமை மதியமாகியும் இறுகவில்லை. மரில்சா குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று. அந்த ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் கழற்றிப் போட்ட சட்டையைப் போல.

சமையலறைக்காகத் தரையைத் தோண்டியபோது கிடைத்ததை அவளையும் கொத்தனார் ஜெனிவால்டோவையும் தவிர யாரும் பார்க்கவில்லை. எலும்புகள். ஒன்றின்மேல் ஒன்றாக, எரிந்தும் எரியாமலும். அராவிக் கூராக்கிய பற்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு தாடை.

“அடிமையா கப்பல்ல புடிச்சிட்டு வந்த சனங்கம்மா. விக்கிறதுக்கு முன்னாடியே செத்தவங்கள இங்கதான் கொட்டினாங்களாம். என் பாட்டனோட பாட்டனும் அப்படி வந்தவர்தான். சர்க்கார் ஆபீஸ்ல சொல்லிடுவோம்.”

“சொன்னா வீட்டுக்கு சீல் வச்சிட்டுப் போவான். என் சாப்பாட்டுக் கடைய உன் பாட்டனா வந்து நடத்தப்போறான்? மூடுய்யா.”

அவன் மூடினான். சிமெண்ட் பூசிய கரணையைக்கூடக் கழுவாமல் எறிந்துவிட்டுப் போனான். இன்று காலை போன் செய்தபோது, “இனி உங்க படி ஏற மாட்டேன்,” என்று வைத்துவிட்டான்.

வெளியே கம்போவா தெருக்களில் நல்ல வெயில். எதிர்வீட்டு ரேடியோவில் கால்பந்து வர்ணனை. கருப்பு பீன்ஸ் வேகும் வாசனை. அதற்கடியிலிருந்து மெல்ல இன்னொன்று கிளம்பியது: காற்றே புகாத இடத்தில் நிறையப் பேர் நெடுநாள் நெருக்கியடித்துக் கிடந்த வேர்வை, மூத்திரம், ஊறிப்போன மரம், உப்பு. ஜன்னலைத் திறந்தாள். தெருவிலிருந்தும் அதே நாற்றம்தான் வந்தது.

பிறகு சத்தம். பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். முதலில் ஒருவர். அப்புறம் அடுப்பு வைக்கவிருந்த மூலையில். அப்புறம் சுவருக்கடியில்.

“சும்மா கிடங்க!” காலால் ஓங்கி மிதித்தாள்.

நின்றது.

அடியிலிருந்து ஒரு மிதி. அவள் பாதத்துக்கு நேர் கீழே.

ஓடினாள். செருப்பை சிமெண்ட் பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினாள். வாசல். தெரு.

மாம்பழ வண்டிக்காரர் நின்று பார்த்தார். “என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

அவள் கீழே காட்டினாள்.

“என்ன? கல்லுதானே கிடக்கு.”

கல்தான். தெருவில் பதித்த ஒவ்வொரு கல்லிலும் ஒரு முகம் புடைத்திருந்தது. வீடு வீடாக, சந்து சந்தாக, கீழே துறைமுகம் வரைக்கும். வண்டிச் சக்கரம் ஒரு நெற்றியின் மேல் நின்றது. வண்டிக்காரரின் குதிகால் ஒரு கன்னத்தில் அழுந்தியிருந்தது. எல்லாக் கண்களும் மூடியிருந்தன.

அவளுடைய வெறுங்காலுக்கடியில், ஈரமாக, இரண்டு இமைகள் திறந்தன.