கல்வட்டத்துக் கயிறு

உலக யுத்தம் முடிந்த மறு வருடம், சங்குக் குளிப்புக் காலம். பொழுது நன்றாக ஏறிய பிறகு புன்னைக்காயல் வள்ளம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. பெண் ஏறிய வள்ளம் உருப்படாது என்று கரையில் ஊரே கத்தியது. கத்தட்டும் என்று ஞானசௌந்தரி ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் இனிகோ முந்தாநாள் இங்கேதான் மூழ்கினான்.

சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிக்க வேண்டும். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் கயிற்றை விடுவான்? அன்றைக்கு அவள் அண்ணன் ஜேசுபாதம் காய்ச்சலில் கிடந்தான். கூலிக்கு வந்தவன் பிடித்தான். கயிறு மட்டும் மேலே வந்தது. அது அறுபடவில்லை. யாரோ முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்திருந்தார்கள்.

இன்று ஜேசுபாதம் இறங்கினான். கயிறு ஞானசௌந்தரியின் கையில் இருந்தது.

முதல் முழுக்கிலேயே முகம் வெளிறி மேலே வந்தான்.

"ஏளா, கீழ ஆளுயரக் கல்லா வட்டமா நட்டிருக்கு," என்று முணுமுணுத்தான். "நடுவுல பூரா தாழி. ஆத்தங்கரைப் பரம்பு மேட்டுல வெள்ளக்காரன் தோண்டுனானே, அதே மாதிரி. கடலு உள்ள வாரதுக்கு முந்தி இருந்த ஆதி சனம். செத்தவன அடக்கம் பண்ண மொத மொதக் கத்துக்கிட்டவங்க."

"அவரு?"

"ஒரு தாழிக்குள்ள. முழங்கால மடக்கி உக்கார வச்சிருக்கு."

"அடக்கம் பண்ணத் தெரிஞ்ச சனம்னா, அவரு அடக்கம் நம்ம கல்லறையிலதான்னும் தெரியணும். எறங்குண்ணே."

அவன் மறுபடி இறங்கினான். கடல் அசையாமல் கிடந்தது. நடுக்கடலில், சூளையில் வெந்த பானையின் வாசனை எழுந்தது.

கயிறு ஒரு தடவை சுண்டியது. மேலே இழு என்று அர்த்தம். இழுத்தாள். இரண்டு ஆள் கனம். பாதியில் நின்றது.

பிறகு கீழேயிருந்து இழுத்தார்கள். கிணற்றில் தண்ணீர் சேந்துவதுபோல, கைமாற்றிக் கைமாற்றி.

"சேசுவே! விட்டுரு அக்கா," என்றான் துடுப்புப் போட வந்த தனராஜ். அவன் எழுந்திருக்கவேயில்லை.

இழுப்பு நின்றது.

முடிச்சை யாரோ நோண்டினார்கள்.

அந்த விரல்களின் அசைவு கயிறு வழியே அவள் உள்ளங்கைக்கு வந்தது. அவசரமே இல்லாத விரல்கள். அண்ணனுக்கோ மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பயம்தான். பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வள்ளத்து விளிம்பில் காலை ஊன்றினாள்.

"ஏலே! பூமி பொறந்த அன்னைக்கே வந்தவங்களா இருங்க. எம் புருசனத் தொட நீங்க யாருலே? கைய எடுங்கலே!"

விரல்கள் நின்றன.

ஒரே மூச்சாக இழுத்தாள். ஜேசுபாதம் இருமிக்கொண்டே வந்தான். அவன் அணைப்பில் இனிகோ.

மடங்கிய முழங்கால்கள் கடைசிவரை நீளவில்லை. சதுரமாகப் பெட்டி செய்து, கோயில் கல்லறைத் தோட்டத்து மணலில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கயிற்றை ஞானசௌந்தரி அவன் சிலுவையைச் சுற்றி இறுக்கி முடிந்தாள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. மணல் தவிர வேறெதுவும் இல்லாத அந்த இடத்தில், கயிற்றில் ஈரக் களிமண் விரல் தடங்கள்.

களிமண்ணைச் சேலையில் துடைத்துவிட்டு அவள் மறுபடி முடிந்தாள். தினமும் அவிழ்கிறது.

தினமும் முடிகிறாள்.