பொட்டு விழுந்த நத்தைகள்

"இதுவும் காலிக்கா," என்று சவரி வெற்று ஓட்டை நீட்டினான். ஓட்டின் மேல் நீலப் பொட்டு பளிச்சென்று இருந்தது.

முள்ளித் தீவின் வனக்காவலர் தில்லைநாயகி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். வேறெங்கும் இல்லாத பச்சை மரநத்தைகளை எண்ணத்தான் எண்ணுவண்டுகள் என்ற குட்டி இயந்திரங்கள் வந்தன. நத்தையின் ஈரத் தடத்தை முகர்ந்து போய், ஒன்றையே இருமுறை எண்ணாமலிருக்க ஓட்டில் மணமையால் பொட்டு வைக்கும். நத்தைக்கு உயிருள்ளவரை பொட்டு மணக்கும். மாதக் கடைசியில் வானெண்ணி என்ற இயந்திரம் பறந்து வந்து அந்த மணங்களைக் கூட்டிச் சொல்லும்.

நத்தை தின்னும் கொல்லி நத்தையும் அந்த மணத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. பொட்டு விழுந்த மூன்றாம் நாள் ஓடுதான் மிச்சம்.

"பொட்டில்லாதது எத்தனைடா?"

"நம்ம கண்ணுக்குப் பதினொண்ணு. எல்லாம் தாழம்புதர்ல."

"வண்டை விடலைன்னா?"

"கணக்குல பூஜ்யம். காட்டைத் துறைமுகத்துக்குக் குடுத்துடுவாங்க. வானெண்ணி வர ரெண்டே நாள்தான்கா இருக்கு."

தில்லைநாயகி தென்னந்தோப்புப் பக்கம் பார்த்தாள். அங்கே குருத்தைத் தின்று கொழுத்த ஆப்பிரிக்க நத்தைகள் பல்லாயிரக்கணக்கில் கிடந்தன.

"வண்டையெல்லாம் அங்க விடு. அதுங்க மேல பொட்டு வைக்கட்டும். கொல்லி அங்க போய்த் தொலையட்டும்."

"வண்டுக்குப் பச்சை நத்தை வாசனைதானே தெரியும்?"

"நீதானே மெக்கானிக்கு? மூக்கைத் திருப்பு."

சிரித்துவிட்டான். "கணக்கு எக்கச்சக்கமா ஏறிடுமேக்கா?"

"ஏன் குறைஞ்சுதுன்னுதான் இருபது வருஷமா என் உயிரை எடுக்கறாங்க. ஏன் கூடிச்சுன்னு எவன் கேட்டான்?"

மறுநாளே கொல்லிகள் தோப்புக்கு நகர்ந்தன. தாழம்புதரில் பதினொன்றும் பத்திரம். தில்லைநாயகி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் இடுப்புப் பேசியில் தலைமையக அதிகாரி அழைத்தார்.

"வாழ்த்துகள் மேடம்! நாப்பத்திரெண்டாயிரத்து எழுநூத்திப் பதினாறு! இனம் மீண்டாச்சு. இனிமே பாதுகாப்பு எதுக்கு? திங்கக்கிழமை மரம் வெட்ட ஆள் வருது."

அவள் பேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"ஐயா, அது பொய்க்கணக்கு. நான்தான் செஞ்சேன். பதினொண்ணே பதினொண்ணுதான் இருக்கு. என்னை வேலையைவிட்டு அனுப்புங்க, காட்டை விட்டுடுங்க."

"வானெண்ணி பொய் சொல்லாது மேடம்."

"நேர்ல வந்து உங்க கண்ணால பாருங்களேன்!"

"கண்ணால பார்த்ததைச் சட்டம் ஏத்துக்காது. நீங்க சொல்ற நத்தை ஒண்ணுக்குப் பொட்டு வைங்க. வானெண்ணியைத் திருப்பி அனுப்பறேன். ரெண்டு மணத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சா வெட்டறதை நிறுத்தறேன்."

சவரி அவள் கையைப் பிடித்தான். "ஒரே மைதானேக்கா? எப்படி வித்தியாசம் தெரியும்?"

"ஓடு வேறயில்ல? கொஞ்சமாவது மாறாதா?"

"மாறாதுக்கா."

"அப்ப வேற வழி சொல்லுடா!"

அவன் ஒரு வண்டை எடுத்து அதன் மூக்கைப் பழையபடி திருப்பினான். தில்லைநாயகி புதருக்குள் குனிந்து, ஓட்டின் விளிம்பு உடைந்த ஒரு கிழட்டு நத்தையைத் தேர்ந்தெடுத்தாள். வண்டு அதன்மேல் ஏறிப் பொட்டு வைத்து இறங்கியது. நத்தை கொம்பை உள்ளிழுத்துக்கொண்டது.

வானெண்ணி ஒரு சுற்றுச் சுற்றியது. இடுப்பில் இருந்த பேசி அறிவித்தது:

"நாற்பத்திரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினேழு."

புதரடிச் சருகில் ஏதோ ஊரத் தொடங்கியது.