பிறகு வரச் சொன்ன கடிதம்

ஏழு உயிர் முப்பத்தைந்தாயிரத்துக்குப் படிந்தது. ஆலையின் மின்னஞ்சல் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் மெயில்காரர் ஐம்பதில் ஆரம்பித்தார், மேனேஜர் இருபதில் நின்றார், நடுவில் கைகுலுக்கினார்கள். தொழிலாளிகளுக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் அனுப்பிய மின்கடிதத்தை ஒரு நாள் சர்வர் வாசலிலேயே நிறுத்திவைக்க வேண்டும். 'கழிவுத் தொட்டியில் விஷவாயு, யாரும் இறங்காதீர்கள்' என்றிருந்தது. அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் மெயில்காரர் விலையே சொன்னார்.

வழி தொழிலிலேயே இருந்தது. முன்பின் தெரியாத சர்வர் ஒன்று கடிதத்தோடு வந்தால், முதல் தடவை 'பிறகு வா' என்று திருப்பிவிடுவார்கள். மோசடிக்காரன் அடுத்த வாசலுக்குப் போய்விடுவான்; யோக்கியமான சர்வர் கால் மணி கழித்து அதே கடிதத்தோடு வந்து நிற்கும். மெயில்காரர் ஆய்வாளரின் சர்வருக்கு எல்லாத் தடவையும் அதே பதிலை வைத்தார். நாற்பத்தொரு முறை வந்தது. நாற்பத்தொரு முறையும் போகச் சொன்னார். ஏழு பேரும் இறங்கினார்கள்.

பத்து நாள் கழித்து, ஆளில்லாத விடுமுறை மதியத்தில், குளிர்சாதனத்தின் இரைச்சலும் சூடேறிய வயரின் வாசனையும் மட்டுமே துணையாக இருந்த சர்வர் அறையில், பதிவேட்டின் ஒரு வரி அவர் கண்ணை உறுத்தியது. தொழிலாளிகள் கடிதம் பார்க்கும் தொட்டியோரக் கம்ப்யூட்டர் ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தது. சர்வர் 'பிறகு வா' என்று அனுப்பியிருந்தது.

மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சார், தொட்டி கம்ப்யூட்டரை யாராவது ஆன் பண்ணாங்களா?"

"அது அன்னைக்கே அவனுங்களோட சேத்துல முழுகிப்போச்சுய்யா. குளிர்ல மூளை உறைஞ்சுபோச்சா உனக்கு?" வீட்டுச் சோபாவில் புரண்டுகொண்டே மேனேஜர் சிரித்தார். "பிறகு வான்னு சொல்லியாச்சுல்ல? போயிடும், விடு."

"பொய்யானதுதான் சார் போகும். நெஜமானது திரும்பி வரும்."

கால் மணியில் வந்தது. கேபிளைப் பிடுங்கினார். அடுத்த கால் மணியில், தாழ்வாரத்தின் கோடியிலிருந்து, சேறு நிறைந்த ரப்பர் பூட்ஸ்களைத் தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுப்பது போன்ற சளக் சளக் ஓசை, அவசரமே இல்லாமல் நெருங்கி, அறையின் ஒரே கதவுக்கு வெளியே நின்றது. அழுகிய முட்டை நாற்றம் கதவிடுக்கில் நுழைந்தது.

கதவில் ஒரு தட்டு.

"பிறகு வாங்க," என்றார் மெயில்காரர்.

சொன்ன பேச்சுக்கு மரியாதை கொடுத்து ஓசை திரும்பிப் போனது. ஓடிவிடலாம் என்று கைப்பிடியைத் திருகினார். திரும்பவில்லை. மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

கால் மணி.

தட்டு.

"பிறகு வாங்கய்யா."

போனது.

மூன்றாம் முறை தட்டவில்லை. வந்து நின்றது. அவ்வளவுதான். மேனேஜருக்கு மறுபடி போன் போட்டார்.

மேனேஜரின் போன் மணி கதவுக்கு வெளியே அடித்தது. தண்ணீருக்கடியில் அடிப்பதுபோல.

குனிந்து இடுக்கில் பார்த்தார். எண்ணினார். ஏழு ஜோடி பூட்ஸ். நடுவில் ஒரு வெறுங்கால். பெருவிரல் மேலே பார்த்துக் கிடந்தது.

கைப்பிடி தானாகத் திரும்பியது. பிடுங்கிய கேபிள் அவர் கையில். திரையில் புது வரி.

'பெறுநர் இருவர். சேர்ந்தது ஒன்று. பாக்கி ஒன்று.'