இனித் தேவைப்படாதவை

மாமாவின் இருமல் நின்று கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். அவனுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

நான்கு வருடமாகப் பின்னறையிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த இருமல் அது. கரகரவென்று தொடங்கி, நடுவில் ஒரு விசில் ஊதி, கட்டில் சட்டம் அதிர முடியும். மனைவியைப் பெற்றவராயிற்றே என்று வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு, அலுவலகக் கூட்டங்களில் மைக்கை அணைத்துக்கொண்டு, மனசுக்குள் கிழவரைத் திட்டித் தீர்த்தபடிதான் அவன் இந்த வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். இப்போது மதியம் ஒன்றரை மணிக்கு மின்விசிறியின் கிறீச்சும் மேசைமேல் இருந்த பழைய கணினியின் உறுமலும் மட்டும் கேட்டன. இரண்டுக்கும் நடுவே இருமல் இருந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரிக் காலியாக இருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தான். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மார்பு குலுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, வாய் அகலத் திறந்தது, தோள்கள் தூக்கித் தூக்கிப் போட்டன. சத்தம் மட்டும் வரவில்லை.

"மாமா, இருமல் எப்படி இருக்கு?"

"யாருக்கு மாப்ள?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு என்னிக்கு இருமல் வந்துச்சு? கல்லு மாதிரி இருக்கேன்." சொல்லிவிட்டு மறுபடியும் சத்தமில்லாமல் குலுங்கினார். தலைமாட்டில் பாதி காலியான இருமல் மருந்து. கரண்டியில் சிவப்புப் பிசுபிசுப்பு இன்னும் காயவில்லை.

வயசாகிவிட்டது, மறதி, என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேசைக்குத் திரும்பினான். சமாதானம் ஒட்டவில்லை.

கணினி, பழைய சாமான் கடையில் வாங்கியது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் குட்டிக்காக, காசில்லாமல் கிடைக்கும் திறந்த மூல இயங்குதளம் ஒன்றைத் தமிழிலேயே நிறுவிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான். அவனுக்கு இது கைவந்த கலை. அலுவலகத்தில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன். மவுசைத் தொடாமல் எல்லாவற்றையும் கட்டளை தட்டியே முடிப்பதால் அங்கே அவன் பெயரே 'கட்டளை'. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவன் தினமும் ஓதும் பாடம் ஒன்றுதான்: "படிக்காம 'ஆம்' போடாதீங்க."

ஊருக்குத்தான் உபதேசம். காலையில் எல்லாம் நிறுவி முடித்தும் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை. ஒரு மணி நேரம் தேடியதில், யாரும் பதில் எழுதாத ஏதோ பழைய இணைய மன்றத்தில் மூன்று வரி கிடைத்தது. மென்பொருள் எடுப்பதற்கான ஒரு களஞ்சியத்தின் முகவரி. 'இதன் கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை' என்று கணினி எச்சரித்தது. 'நம்பு' என்று அவனே ஒரு சொல்லைச் சேர்த்து அதன் வாயை அடைத்தான். பட்டியல் பட்டியலாக ஏதேதோ இறங்கியது. பள்ளிச் சீருடையில் மடியில் உட்கார்ந்திருந்த குட்டிக்கு வேடிக்கை காட்டினான்.

"கேள்வி வந்தா இந்தப் பட்டனை அழுத்து, கண்ணு. என்ன கேட்டாலும் இதுதான்."

பதினொரு தடவை அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். ஸ்பீக்கர் பேசியது. அவள் வேனில் ஏறிப் போன பிறகு அவன் கடைசி வேலையைச் செய்தான்: தேவையில்லாததை எல்லாம் கணினி தானே தேடிக் கண்டுபிடித்து, அவனைக் கேட்காமலே நீக்கிவிடும்படி அமைத்தான். சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை.

இப்போது, கணினி எதை எதை நீக்கியிருக்கிறது என்று பார்க்க அதன் பதிவேட்டைத் திறந்தான்.

13:12 நீக்கப்பட்டது: மாமா-இருமல்
13:20 நீக்கப்பட்டது: வாசல்-மணி

எவனோ விளையாடுகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. கோபம் வந்தது. ஆனாலும் கால்கள் வாசலுக்குப் போயின. கதவை ஒட்டி அழைப்பு மணியின் பொத்தான் இருந்த இடத்தைத் தடவினான். சுவர் வழவழவென்று இருந்தது. ஆணி அடித்த துளை இல்லை, ஒயர் இல்லை. பத்து வருட அழுக்கு மட்டும் அங்கே ஒரே சீராகப் படிந்திருந்தது.

திரும்பி வந்து களஞ்சியத்தைத் துண்டிக்கப் பார்த்தான். 'வேறொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. காத்திருக்கவும்.' மறுபடியும் தட்டினான். காத்திருக்கவும். அரை மணி நேரம் மல்லுக்கட்டினான். அக்குளிலிருந்து வியர்வை ஒழுகி விலாவில் இறங்கியது. திடீரென்று கணினிக்குள் சுழலும் வட்டின் உறுமல் ஒரு படி ஏறி இறங்கியது.

14:05 நீக்கப்பட்டது: மாமா

ஓடினான். பின்னறையில் கட்டில் இல்லை. கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். அவற்றின்மேல் வருடக்கணக்கில் யாரும் தொடாத தூசி. மருந்தின் இனிப்பு வாசனை மட்டும் ஒரு கணம் மூக்கில் நின்றது. பிறகு அதுவும் இல்லை.

மனைவி மருத்துவமனையில் நர்ஸ். ஒன்றரை மணி நேரம் விடாமல் அழைத்த பிறகுதான் எடுத்தாள்.

"உங்கப்பா... உங்கப்பாவைக் காணோம்."

"எங்கப்பாவா? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தவரை இன்னிக்கு எதுக்குத் தேடறீங்க?"

"விளையாடாத."

"யாருங்க விளையாடறது? இங்க வார்டுல தலைக்கு மேல வேலை கெடக்கு. வேன் நாலு மணிக்கு வரும், வாசல்ல போய் நில்லுங்க. குட்டி பாவம், தனியா நிப்பா."

வைத்துவிட்டாள்.

குட்டி. அந்தப் பெயரைக் கேட்டதும் மேசைக்கு ஓடினான். அடுத்த சுற்றில் நீக்கப்படவிருப்பவற்றின் பட்டியலைத் திறந்தான்.

16:00 இனித் தேவைப்படாதவை: குட்டி
காரணம்: தானாக வந்தது

அதன் பொருள் அவனுக்கு அத்துப்படி. நிர்வாகி வாய்திறந்து கேட்டு நிறுவியதைக் கணினி தொடாது. கேட்காமல், வேறொன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்ததை 'தானாக வந்தது' என்று குறித்துக்கொள்ளும். என்றாவது ஒருநாள் குப்பை என்று முடிவுகட்டும். மாமா, அவன் மனைவியின் பின்னால் வந்தவர். அவன் கேட்டு வந்தவரில்லை. சரி. குட்டி?

எட்டு வருடத்துக்கு முன், பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி சிரித்தபோது, "இப்ப வேண்டாமே" என்று அவன் சொன்னான். ஒரே ஒரு தடவை. சமையலறையில். அவளைத் தவிர யாரும் கேட்கவில்லை.

இதற்குத் தெரிந்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை அறுத்தால் என்ன மிஞ்சும் என்று அவனுக்குத் தெரியும். பாதி நீங்கியது. ஓடவும் ஓடாது, போகவும் போகாது. அப்படிப்பட்டவற்றோடு ராத்திரி முழுக்கப் போராடியிருக்கிறான். பாதிக் குட்டியை நினைத்துப் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டான்.

மணி மூன்று ஐம்பது. குட்டியின்மேல் இருந்த குறியை மாற்றும் கட்டளையைத் தட்டினான். இரண்டு தடவை பிழை. மூன்றாவதில் கட்டளை சரியாக விழுந்தது.

'குட்டி: நீங்களே கேட்டு நிறுவியதாகக் குறிக்கப்பட்டது.'

"ஆமா," என்றான் வாய்விட்டு. "நான்தான் கேட்டேன். நான்தான்." அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அமைப்பையும் மாற்றினான்: இனிமேல் எதையும் கேட்காமல் நீக்காதே. ஒவ்வொன்றுக்கும் கேள். கணினி ஏதோ நீளமாகப் பதில் சொன்னது. கீழே வேன் ஹார்ன் அடித்தது. 'சரி' என்று தட்டிவிட்டுப் படியிறங்கி ஓடினான்.

படிக்கவில்லை.

குட்டி முழுசாக இருந்தாள். ஒரு காலில் சாக்ஸ் இறங்கியிருந்தது, கன்னத்தில் மை. அவளை வாரி அணைத்தான். பென்சில் சீவல் வாசனை, வியர்வை, வெயில்.

"அப்பா, விடு, மூச்சு முட்டுது! கம்ப்யூட்டர் ரெடியா?"

"இன்னிக்கு வேணாம் கண்ணு. நாம வெளிய போகலாம்..."

கடைசிச் சொல் பாதியில் நின்றது. அவன் நிறுத்தவில்லை. உதடு அசைந்தது. தொண்டை அதிர்ந்தது. காற்று வந்தது.

சத்தம் வரவில்லை.

மேலே, திறந்து கிடந்த கதவுக்குள், வட்டின் உறுமல் ஒரு படி ஏறி இறங்கியது. ஓடிக்கொண்டிருந்த சுற்று. அது முடியும்வரை புதிய அமைப்பு பொருந்தாது; அவன் படிக்காத பதில் அதுதான்.

குட்டி கையை உருவிக்கொண்டு படியேறினாள். எட்டிப் பிடித்தான். விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றின. இறுகவில்லை. ஈரத்துணி மாதிரி வழுக்கி விழுந்தன. பையைப் பிடித்தான். வழுக்கியது. பின்னாலேயே ஓடினான். கத்தினான். கத்திக்கொண்டே இருந்தான்.

அவள் நாற்காலியில் ஏறி முழங்காலிட்டிருந்தாள். திரும்பி அவன் வாயைப் பார்த்தாள். சிரித்தாள்.

"மீன் மாதிரி பண்றே!"

திரைக்குத் திரும்பினாள்.

16:00 நீக்கப்பட்டது: அப்பா-குரல்
16:00 நீக்கப்பட்டது: அப்பா-பிடி

அதற்குக் கீழே கேள்வி துடித்துக்கொண்டிருந்தது: 'அப்பா. காரணம்: தானாக வந்தது. நீக்கவா?' அவன் கேட்கச் சொன்ன கேள்வி. மேசையை உதைத்தான். அசையவில்லை. நாற்காலியை இழுத்தான். கை வழுக்கியது. அவளுக்கும் திரைக்கும் நடுவே தலையை நுழைத்தான்.

"மறைக்காதப்பா!" அவள் அவனைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். "அ... ப்... பா. ஐ! உன் பேரு வந்திருக்கு!"

சுட்டுவிரலை நீட்டினாள். நகத்தில் மை.

"கேள்வி வந்தா இதைத்தானே அழுத்தணும்?"